காட்டாமணக்கு: ஆடு கடிக்காத செடியும் 1.34 கோடி ஹெக்டேரும்

சின்ன வயதில் காட்டாமணக்கு எங்களுக்கு ஒரு விளையாட்டுச் சாமான். இலைக்காம்பை ஒடித்தால் முறிந்த இடத்தில் பால் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். மெதுவாக ஊதினால் வெயிலில் ஏழு நிறமும் தெரிகிற முட்டை பறக்கும். சோப்பு வாங்கக் காசு வேண்டாம், வேலியோரம் போனால் போதும். விதையை மட்டும் வாயில் வைக்கக்கூடாது என்று பாட்டி திட்டுவாள். இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் இந்த விதையைத் தின்று வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது.

அந்த வேலிச் செடிதான் 2003 வாக்கில் திடீரென்று "பச்சைத் தங்கம்" ஆனது. ஏன் ஆனது, பிறகு ஏன் ஆகாமல் போனது என்று சில மாதங்களாகக் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பதிவு அந்தக் குறிப்புகளின் தொகுப்பு. கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், காரணம் பின்னால் வரும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஏரி குளங்களில் ஊதாப் பூவோடு மண்டிக் கிடக்கிறதே, "நெய்வேலிக் காட்டாமணக்கு", அது வேறு. அது ஐப்போமியா கார்னியா, வள்ளிக்கிழங்கின் உறவு. நாம் பேசுவது ஜட்ரோஃபா கர்காஸ். ஆமணக்குக் குடும்பம். பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதி. போர்த்துக்கீசியர்கள் கடல் கடத்தி ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்தார்கள். கேப் வெர்டே தீவுகளில் இருந்து இதன் விதை சோப்புக்காக லிஸ்பனுக்குக் கப்பலேறிய காலம் ஒன்று உண்டு. ஆக, எண்ணெய் இருக்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. விதையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2003 ஏப்ரலில் மத்திய திட்டக்குழு அமைத்த உயிரி எரிபொருள் மேம்பாட்டுக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 2011-12க்குள் நாட்டின் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும், அதற்குக் காட்டாமணக்கு பயிரிட 1.34 கோடி ஹெக்டேர் நிலம் கிடைக்கும் என்றது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான். சென்னை, ஊட்டி, வைகை அணை, மெரினா எல்லாம் சேர்த்து. அதைவிடக் கொஞ்சம் அதிகமான நிலத்தையே ஒரே செடியால் மூடுகிற யோசனை இது.

கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று பார்த்தால் சுவாரஸ்யம். இரண்டு மீட்டருக்கு ஒரு செடி வைத்தால் ஒரு ஹெக்டேரில் 2,500 செடி. ஒரு செடிக்கு ஒன்றரை கிலோ விதை. ஆக 3.75 டன் விதை, அதிலிருந்து 1.2 டன் எண்ணெய். பெருக்கல் சரி. அந்த ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நம்ம வீட்டுக் கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கிற தண்ணீர் முழுக்க அதற்குத்தான். காய் காய்த்துத் தள்ளுகிறது. அதை எண்ணி, ஏக்கருக்கு எத்தனை மரம் என்று பெருக்கி, "மானாவாரிக் கரட்டிலும் இவ்வளவு காய்க்கும்" என்று சொன்னால் எந்த விவசாயியும் சிரிப்பார். காட்டாமணக்கில் நடந்தது ஏறக்குறைய இதுதான். தனித்து நிற்கும், வெளிச்சமும் ஈரமும் தாராளமாகக் கிடைக்கும் செடிகளின் காய்ப்பைத் தோட்டத்துக்குப் பெருக்கினார்கள். அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் ஹெக்டேருக்கு 0.4 டன்னில் இருந்து 12 டன் வரை என்று விளைச்சல் எழுதியிருப்பார்கள். முப்பது மடங்கு வித்தியாசம்! ஒரு பயிரின் விளைச்சலை இப்படிச் சொன்னால், அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது என்றுதான் அர்த்தம். ஆனால் விளம்பரம் செய்தவர்கள் எல்லோரும் அந்த வீச்சின் மேல் பாதியை மட்டுமே படித்தார்கள்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். எனக்கும் அப்துல் கலாம் மேல் மரியாதை உண்டு. 2005 சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் உரையில் அவர் எரிசக்திச் சுதந்திரம் பற்றி விரிவாகப் பேசினார். நல்ல உரை, இன்றும் படிக்கலாம். அதில் காட்டாமணக்கு பற்றிச் சொல்லும்போது ஏக்கருக்கு இரண்டு டன் பயோடீசல் என்கிறார். ஹெக்டேருக்கு மாற்றினால் ஐந்து டன். திட்டக்குழு அறிக்கையே 1.2 டன் எண்ணெய்தான் என்கிறது! செடிக்கு ஆறு கிலோவுக்கு மேல் விதை காய்த்தால்தான் அவர் சொன்ன கணக்கு வரும். குடியரசுத் தலைவர் வாயிலிருந்து, அதுவும் விஞ்ஞானியான குடியரசுத் தலைவர் வாயிலிருந்து வந்த எண்ணை யார் சரிபார்ப்பார்கள்? கிராமத்தில் அது அப்படியே போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. சித்தப்பாவுக்குத் திருவண்ணாமலைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி. வருஷா வருஷம் மல்லாட்டை போடுவார் (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர்). மழை ஏமாற்றினாலும் கொடி மாட்டுக்கு ஆகும், வீட்டுக்கு ஒரு மூட்டையாவது மிஞ்சும். ஒரு கம்பெனி ஆள் வந்து நாற்று கொடுத்தார், ஒப்பந்தப் பேப்பர் கொடுத்தார், மூன்றாம் வருஷத்தில் இருந்து விதையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, ஐம்பது வருஷம் காய்க்கும். சித்தப்பா ஒன்றரை ஏக்கரிலும் நட்டுவிட்டார். மூன்றாம் வருஷம் கிடைத்தது இரண்டு மூட்டை. கம்பெனி ஆள் போனை எடுக்கவில்லை. நாலாம் வருஷம் கடன் வாங்கி ஜேசிபி விட்டுப் பிடுங்கினார். "ஆடே வேணாம்னு ஒதுக்கின செடிடா அது, அப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறார். அப்போது சிரிக்கவில்லை.

ஒரு சித்தப்பா கதையை வைத்து ஒரு திட்டத்தை எடைபோடக் கூடாதுதான். எனவே ஆய்வுகளைத் தேடினேன். பெரே அரிஸா-மொன்டோபியோவும் சரத்சந்திர லெலேயும் தமிழ்நாட்டில் களஆய்வு செய்து 2010ல் எகலாஜிகல் எகனாமிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரை முக்கியமானது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியாவதற்கான வாய்ப்புகூட தண்ணீர் வசதி உள்ளவருக்குத்தான். ஏழை விவசாயிகளை இது மேலும் ஏழையாக்குகிறது என்கிறார்கள். கிணறும் சொட்டுநீரும் இருக்கிறவர் ஏன் காட்டாமணக்கு போடப்போகிறார், வேறு எதையாவது போட்டு நாலு காசு பார்க்க மாட்டாரா? இந்த ஒரு இடத்திலேயே மொத்தத் திட்டமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் இல்லாத நிலத்துக்கான பயிர், தண்ணீர் இருந்தால்தான் காய்க்கும். அதன்பின் தென்னிந்தியாவில் 106 காட்டாமணக்கு விவசாயிகளின் அனுபவத்தைத் தொகுத்த இன்னொரு ஆய்வில், 85 சதவீதம் பேர் சாகுபடியைக் கைவிட்டிருந்தார்கள்.

"தண்ணீர் வேண்டாம்" என்பது பச்சைப் பொய் இல்லை, பாதி உண்மை. வறட்சியில் காட்டாமணக்கு சாகாது. இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நின்று அடுத்த மழைக்குத் துளிர்க்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. பிழைத்துக் கிடக்கிற செடிக்கு விதையில் எண்ணெய் சேர்த்து வைக்க என்ன அவசியம்? "பூச்சி வராது" என்பதும் அப்படித்தான். வேலியில் ஒன்றிரண்டாக நின்றபோது வரவில்லை. ஏக்கர் கணக்கில் நட்டதும் காயை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும், இலையை மஞ்சளாக்கிச் சுருட்டும் மொசைக் நோயும் வந்துவிட்டன. நூற்றுக்கணக்கான வருஷமாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நெல்லோ கடலையோ இல்லை இது, காட்டுச் செடி. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருப்பவற்றுக்குள் மரபணு வேறுபாடும் குறைவு, கொண்டுவந்த சில விதைகளின் வாரிசுகள்தானே. பூங்கொத்தில் ஒரு பெண் பூவுக்கு இருபதுக்கும் மேல் ஆண் பூ இருக்கும். காய்ப்பது பெண் பூ மட்டும்தான்.

அடுத்தது அறுவடை. இதைத் திட்டம் போட்ட யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரே கொத்தில் பச்சைக் காய், மஞ்சள் காய், காய்ந்த கறுப்புக் காய் மூன்றும் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் முற்றாது. ஆள் வைத்துத் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், தோலுடைக்க வேண்டும். 2005 அக்டோபரில் மத்திய அரசு பயோடீசல் கொள்முதல் கொள்கை கொண்டுவந்து லிட்டருக்கு 25 ரூபாய் நிர்ணயித்தது. ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் மூன்று கிலோ விதை வேண்டும். ஆலைக்காரர் ஒரு பைசா செலவில்லாமல், லாபமும் இல்லாமல் தர்மத்துக்கு ஆட்டிக் கொடுத்தாலும் விதை கிலோ எட்டு ரூபாயைத் தாண்ட முடியாது. நடைமுறையில் எண்ணெயை அப்படியே ஊற்றவும் முடியாது. மெத்தனாலும் காரமும் சேர்த்து வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்தால்தான் பயோடீசல். எண்ணெயில் அமிலம் கூடியிருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு கட்டம். அந்தச் செலவையும் கழித்தால் விதைக்கு என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்தில் பறிக்கிற பெண்ணின் கூலி எவ்வளவு?

புண்ணாக்கு விஷயம் இன்னும் மோசம். நம்ம ஊர் எண்ணெய்ச் செக்குப் பொருளாதாரமே எண்ணெய் பாதி, புண்ணாக்கு பாதி. கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாம், எள்ளுப் புண்ணாக்குக்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். காட்டாமணக்குப் புண்ணாக்கில் ஃபோர்பால் எஸ்டர் என்ற நச்சு இருக்கிறது, கர்சின் என்ற புரதமும் இருக்கிறது. மாட்டுக்கு வைத்தால் மாடு போய்விடும். உரமாகப் போடலாம், அவ்வளவுதான். "உண்ண முடியாதது, ஆகவே உணவோடு போட்டியில்லை" என்பதுதான் இந்தச் செடியின் மிகப் பெரிய விற்பனை வாசகமாக இருந்தது. அந்த உண்ண முடியாத தன்மைதான் விவசாயியின் பாதி வருமானத்தைக் காலி செய்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. போட்டி வாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் மட்டும் நடப்பதில்லை, நிலத்துக்காகவும் நடக்கும். சித்தப்பாவின் மல்லாட்டை போனதே, அது உணவில்லையா?

(இடையில் ஒரு தகவல்: மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் நச்சில்லாத காட்டாமணக்கு வகை இருக்கிறது. அங்கே விதையை வறுத்துத் தின்கிறார்கள். உலகத்துக்கே "உண்ண முடியாத" செடி, பிறந்த வீட்டில் நொறுக்குத் தீனி.)

எனக்கு அதிகம் உறுத்துவது "தரிசு" என்ற சொல். அறிக்கையில் அந்த 1.34 கோடி ஹெக்டேரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்: மரம் குறைந்த காடு, வயல் வேலி, வேளாண்காடு, பயிரிடாத நிலம், நீர்ப்பிடிப்புத் திட்டங்களில் வரும் தரிசு, ரயில் பாதை, சாலை, கால்வாய் ஓரம். காகிதத்தில் எல்லாம் காலி. ஊருக்குள் போய்ப் பார்த்தால் எதுவும் காலி இல்லை. வெள்ளைக்காரன் வரி வசூல் கணக்கில், வரி வராத நிலம் "வேஸ்ட்". அந்தப் பதிவேட்டுப் பார்வை அப்படியே நம்மிடம் ஒட்டிக்கொண்டது. அங்கே ஆடு மேய்கிறது, விறகு வெட்டுகிறார்கள், தெற்கு மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்து லாரி லாரியாக அனுப்புகிறார்கள்.

ஜெனிஃபர் பாகா என்ற ஆய்வாளர் இதைத்தான் தமிழ்நாட்டில் தொடர்ந்து ஆராய்ந்தார். 2014ல் அவரும் ராபர்ட் பெய்லிஸும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். தரிசு என்று சொல்லப்படும் நிலத்தில் ஏற்கெனவே இருக்கும் சீமைக்கருவேலப் பொருளாதாரம் தருகிற பயன்படும் ஆற்றல் எவ்வளவு, அதை அழித்துவிட்டுக் காட்டாமணக்கு வைத்தால் கிடைப்பது எவ்வளவு? சீமைக்கருவேலம் 2.5 முதல் 10.3 மடங்கு அதிகம் தருகிறது என்று வந்தது. ஆற்றல் வேண்டும் என்று சொல்லி, இருக்கிற ஆற்றலைப் பிடுங்கிவிட்டு, குறைந்த ஆற்றலை நடுகிறோம்! சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் விறகு, கரி என்றால் அது கணக்கில் வராத ஆற்றல், லாரி டேங்கில் ஊற்றினால்தான் ஆற்றல் என்ற எண்ணம் யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்த்தவர்கள் சொன்னது எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். 2009ல் வந்த ஒரு கட்டுரையை வைத்து "ஒரு லிட்டர் காட்டாமணக்கு டீசலுக்கு 20,000 லிட்டர் தண்ணீர்" என்ற எண் பத்திரிகைகளில் சுற்றியது. அந்தக் கணக்கின் அடிப்படைத் தரவுகளை வேறு ஆய்வாளர்கள் அதே இதழில் கேள்வி கேட்டார்கள். மழைநீரையும் சேர்த்துப் போட்ட கணக்கு, விளைச்சல் குறைந்தால் எண் தானாக ஏறும். 12 டன்னை நம்பியவர்கள் மேல் கோபப்படும் நாம் 20,000 லிட்டரையும் அதே சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இன்னொன்று. எஞ்சின் பக்கம் எப்போதுமே பிரச்சினை இருக்கவில்லை. 2002 டிசம்பர் 31ல் டெல்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத பயோடீசல் கலந்து ஓடியது. சத்தீஸ்கர் முதல்வர் ராமன் சிங்கின் அரசு வண்டி இதில் ஓடியது. 2008 டிசம்பரில் ஏர் நியூசிலாந்து ஒரு போயிங் 747ன் ஓர் எஞ்சினில் பாதிக்குப் பாதி கலந்து பறக்கவிட்டது. 2018 ஆகஸ்டில் ஸ்பைஸ்ஜெட் டேராடூனில் இருந்து டெல்லிக்கு 25 சதவீதம் கலந்து பறந்தது. ஒவ்வொரு முறையும் கைதட்டல், தலைப்புச் செய்தி, "சோதனை வெற்றி". ஓடாது என்று யார் சொன்னார்கள்? டீசல் எஞ்சின் கடலெண்ணெயில் ஓடும் என்பதை 1900 பாரிஸ் கண்காட்சியிலேயே காட்டிவிட்டார்கள். சோதிக்க வேண்டியது வயலை. ஐந்து வருஷம், பத்து ஊர், மானாவாரி, தராசு. அதற்குக் கேமரா வராது. 2007ல் டி1 ஆயில்ஸோடு பெரிய அளவில் கைகோத்த பிபி நிறுவனம் 2009லேயே கையை உதறிக்கொண்டு கிளம்பியது. பெரிய கம்பெனிக்கு இரண்டு வருஷத்தில் வெளியேற ஒரு கதவு இருந்தது. ஐம்பது வருஷச் செடியை நட்டவருக்கு ஜேசிபி வாடகைதான்.

2011-12 வந்து போனது. 20 சதவீதம் என்ன, ஒரு சதவீதத்தைக் கூடத் தொடவில்லை. 2009 கொள்கை அதே 20 சதவீதத்தை 2017க்குத் தள்ளி வைத்தது. 2018 கொள்கை, பயோடீசலுக்கு 2030க்குள் 5 சதவீதம் என்று இறங்கி வந்து, சமைத்து மிஞ்சிய எண்ணெயைச் சேகரிக்கச் சொல்கிறது. பஜ்ஜி சுட்ட எண்ணெய். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அது எனக்குக் காட்டாமணக்கைவிட நேர்மையான யோசனையாகப் படுகிறது. பொருள் கண்முன் இருக்கிறது, அளக்கலாம்.

அப்படியானால் செடியே வீணா? இல்லை. திட்டக்குழு அறிக்கையின் அந்த 1.34 கோடியில் 30 லட்சம் ஹெக்டேர் வயல் வேலிக்கானது. எனக்குத் தெரிந்து அறிக்கையிலேயே உருப்படியான பகுதி அதுதான். மாலி நாட்டில் காலங்காலமாக இதை உயிர்வேலியாக வளர்க்கிறார்கள். ஆடு மாட்டிடம் இருந்து பயிரைக் காக்கும், மண்ணரிப்பைத் தடுக்கும், விதை கிடைத்தால் சோப்புக்கு ஆகும். கென்யாவில் 2009ல் விவசாயிகளின் நிலத்தில் விளைச்சலை நேரில் கணக்கெடுத்த ஓர் ஆய்வும், சிறு விவசாயிகள் இதைத் தனிப்பயிராகப் போட வேண்டாம், வேலியாக மட்டும் வைக்கலாம் என்றுதான் முடித்தது. வேலியில் இருந்தால் அது யாருடைய மல்லாட்டையையும் பிடுங்காது, காய்க்காவிட்டாலும் வேலி வேலிதான். ஆனால் வேலிக்கு முதலீட்டாளர் வரமாட்டார், பங்குச் சந்தையில் விலை ஏறாது.

இப்போது புங்கம் பற்றி அதே மாதிரிப் பேச்சு கிளம்பியிருப்பதைப் பார்க்கிறேன். புங்கம் நம்ம மரம், நிழல் தரும், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், எனக்குப் பிடித்த மரமும்கூட. ஆனால் யாராவது "மரத்துக்கு இத்தனை கிலோ" என்று ஆரம்பித்தால், எந்த மரம், எந்த ஊர், எத்தனையாவது வருஷம், தண்ணீர் விட்டதா இல்லையா என்று கேளுங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா நிலத்தில் மறுபடி மல்லாட்டைதான் இருந்தது. வரப்போரம் மட்டும் ஜேசிபிக்குத் தப்பிய நாலைந்து காட்டாமணக்கு நின்றது. அவர் பேத்தி காம்பை ஒடித்து முட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.